கறுப்புக் கம்பளியும் புளியங்கொட்டைப் பசையும்... சள்ளகெரே போனால் கவனிக்க வேண்டியவை!

பெங்களூரிலிருந்து புனே போகும் நெடுஞ்சாலையில் தும்கூர், சிரா தாண்டினால் நிலத்தின் நிறம் மாறுகிறது. தென்னை குறைகிறது. பாறைக் குன்றுகளும் முள் மரங்களும் வருகின்றன. ஹிரியூரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே பெல்லாரி சாலையில் திரும்பினால், ஒரு மணி நேரத்துக்குள் சள்ளகெரே. பெங்களூரிலிருந்து மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். 'கெரே' என்றால் ஏரி. பெயரில்தான் ஏரி. கர்நாடகத்தின் மிக வறண்ட தாலுகாக்களில் இதுவும் ஒன்று.

சுற்றுலா வழிகாட்டிகள் இந்த ஊரைக் கண்டுகொள்வதில்லை. சித்ரதுர்கா கோட்டை பார்க்க வருபவர்கள் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வது, நிலக்கடலை எண்ணெய் ஆலைகள் வரிசையாக நிற்பதால் வந்த 'எண்ணெய் நகரம்' என்ற பட்டப்பெயர். ஆனால் தக்காணத்து ஆட்டுக்காரர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். சள்ளகெரே என்றால் அவர்களுக்குக் கம்பளி.

கம்பளி என்றதும் ஊட்டி, மணாலி கடைகளில் தொங்கும் பூப்போட்ட, பஞ்சு போன்ற போர்வை ஞாபகத்துக்கு வந்தால், அதை முதலில் மறந்துவிட வேண்டும். 'மிங்க்' என்று விற்கப்படும் அந்தப் பளபளப் போர்வையில் மிங்க் என்ற பிராணியின் ரோமம் ஒரு இழைகூடக் கிடையாது. அது பாலியெஸ்டர். குளிருக்கு மோசமில்லை; ஆனால் கம்பளி அல்ல. சள்ளகெரே கம்பளி கறுப்பு. தொட்டால் சுருக்கென்று குத்தும். புதிதாக வாங்கும்போது அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். ஆட்டு வாசனையும் கொஞ்சம் வரும். முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்காத பொருள் இது. இருபது வருடம் கழித்தும் வீட்டில் இருக்கப்போகிற பொருளும் இதுதான்.

ஆடு மேய்ப்பவரின் வீடு

இந்தக் கம்பளி கடைக்காக உருவானதல்ல. மழைக்காலம் முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் குருபர்களுக்காக உருவானது. நம்மூரில் கோனார்கள் வயலில் கிடை போடுவதைப் போலவே அங்கேயும் அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆடுகளை அடைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் அதற்குத் தானியமோ பணமோ கொடுப்பார். மேய்ப்பவருக்குக் கூரை கிடையாது. தோளில் மடித்துப் போட்டிருக்கும் கம்பளிதான் கூரை.

பகலில் வெயிலுக்குத் தலையில் மடித்துப் போட்டுக்கொள்வார். மழை வந்தால் ஒரு முனையை உள்ளே மடக்கிக் கொங்காடையாகக் கவிழ்த்துக்கொள்வார். சாக்கைக் கொங்காடையாக்கி நாற்று நட்ட தலைமுறைக்கு இது புரியும். இரவில் பாதி விரிப்பு, பாதி போர்வை. வழியில் ஈன்ற குட்டிக்குத் தொட்டிலும் அதுவே.

மழையில் கம்பளி எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். ஆட்டு ரோமத்தின் மேல் பகுதி தண்ணீரை உருண்டு ஓடச் செய்யும். உள் பகுதியோ நீராவியை இழுத்து வைத்துக்கொள்ளும். தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்த பிறகும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. அப்படி ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடும். சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொண்டு நிற்பதால் உடம்புச் சூடு வெளியே போகாது. நனைந்த பருத்திப் போர்வை உடம்போடு ஒட்டிக் குளிரைக் கூட்டும். ஈரக் கம்பளி அப்போதும் ஓரளவு சூட்டைத் தக்கவைக்கும்.

இலங்கை மலையகத்துக்கும் நீலகிரிக்கும் தேயிலை பறிக்கப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது தெரியாத சேதி அல்ல. கொட்டும் மழையில் தலையிலிருந்து முதுகு வரை கம்பளியைப் போட்டுக்கொண்டுதான் அந்தக் காலத்தில் கொழுந்து பறித்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் துரைமார்களின் ஆங்கிலத்திலேயே 'கம்ளி' என்ற சொல் நுழைந்துவிட்டது. ஆனால் அந்தக் கம்பளி இனாம் இல்லை. கொடுத்ததைப் பற்று எழுதி, கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

பாவடியில் புளி வாசம்

'உண்ணெ' என்றால் கன்னடத்தில் ஆட்டு ரோமம். (நம்மூர் உண்ணி இல்லை; பயப்பட வேண்டாம்.) தக்காணி என்ற செம்மறி இனம் மகாராஷ்டிரா, கர்நாடகா, தெலங்கானா, ஆந்திரா வறண்ட மேட்டு நிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. வெயிலுக்கும் நடைக்கும் பழகிய ஆடு. இந்த ஆட்டின் ரோமத்திலிருந்து மகாராஷ்டிராவில் 'கோங்கடி', தெலங்கானாவில் 'கொங்கடி', கர்நாடகத்தில் 'கம்பளி' நெய்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் குறும்பர்களுக்கும் இது பரம்பரைத் தொழிலாக இருந்ததுதான்.

வருடத்துக்கு இரண்டு முறை ஆட்டைக் கழுவி, கால்களைக் கட்டிப் படுக்கவைத்து, பெரிய கத்தரியால் ரோமத்தை வெட்டுவார்கள். பழகிய கை என்றால் ஆட்டின் தோலில் கீறலே விழாது. ரோமத்தில் முள், மண், புழுக்கை எல்லாம் இருக்கும். அதைப் பிய்த்து, உதறி, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, ராட்டையில் நூற்க வேண்டும். நூற்பது பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள். ஒரு கம்பளிக்கு வேண்டிய நூலை ஒருவர் மட்டும் நூற்பதென்றால் நாள் கணக்கில் ஆகும். விலை பேசும்போது இதுதான் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

அடுத்து வருவதுதான் இந்த ஊரின் விசேஷம். கை நூல் சொரசொரவென்று, இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே தறியில் ஏற்றினால் ஒன்றோடொன்று சிக்கி அறுந்துபோகும். சேலம், காஞ்சிபுரம் பக்கம் நெசவுத் தெருவில் வளர்ந்தவர்களுக்குப் பாவுக்குக் கஞ்சி போடுவது தெரியும். இங்கே அரிசிக் கஞ்சி கிடையாது. புளியங்கொட்டைப் பசை!

புளியங்கொட்டையை வறுத்து, மேல் தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்சுகிறார்கள். தெருவில் நீளமாகப் பாவை இழுத்துக் கட்டி, அந்தப் பசையைத் தூரிகையால் தடவுவார்கள். வெயிலில் காயக் காய நூல் கம்பி போல் விறைத்து நிற்கும். பிறகு குழித்தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்தபடி நெய்வார்.

சிரா, தும்கூர், சித்ரதுர்கா வட்டாரம் முழுக்கப் புளிய மரங்கள். பழம் சந்தைக்குப் போகும். மிஞ்சும் கொட்டை நெசவுக்கு வரும். காட்டில் கிடைப்பதை வைத்தே தறி ஓடியிருக்கிறது. அந்தப் பசை தறிக்கு மட்டும் உதவுவதில்லை. நெய்த பிறகும் இழை இடுக்குகளில் அது தங்குவதால் துணி இறுக்கமாகிறது, காற்றையும் தூறலையும் இன்னும் கொஞ்சம் தடுக்கிறது. புதுக் கம்பளி அட்டை போல் நிற்பதற்கும், லேசாக ஒரு வறுத்த வாசம் வருவதற்கும் காரணம் இதுதான். வாங்கிய மறுநாளே 'மொடமொடவென்று இருக்கிறதே' என்று வெந்நீரில் ஊறப்போடுவது பெரிய தவறு.

சந்தையில் கையும் கண்ணும்

சள்ளகெரேயில் கம்பளி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. வாரச் சந்தைக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து நெசவாளர்களே தோளில் போட்டுக்கொண்டு வந்து விற்பதும் உண்டு. கன்னடம் தெரியாவிட்டால் பாதகமில்லை. வயதான அம்மாவை 'அஜ்ஜி' என்று கூப்பிட்டு, 'எஷ்டு?' என்று கேட்டால் போதும். விலையை விரலில் காட்டிவிடுவார்கள்.

முதலில் நிறம். இயற்கைக் கறுப்பு ஒரே சீராக இருக்காது. வெயிலில் மேய்ந்த ஆட்டின் ரோம நுனி பழுப்பாக வெளுத்திருக்கும்; நடுநடுவே சாம்பல் இழை ஒன்றிரண்டு ஓடும். மை கொட்டியது போல் ஒரே கறுப்பாக இருந்தால் சாயம் ஏற்றியிருக்கலாம். வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சாயம் போட்டது எல்லாமே மோசம் என்றில்லை. ஆனால் இயற்கைக் கறுப்பு என்று சொல்லி அந்த விலைக்கு விற்கக் கூடாது.

அடுத்து நூல். கையால் நூற்றது ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து போகும். குறையாகத் தெரியும் அதுதான் அடையாளம். அளவெடுத்தாற்போல் சீராக ஓடினால் ஆலை நூல். பானிப்பட்டிலிருந்து வரும் மலிவுப் போர்வைகளில் பல, பழைய கம்பளி உடைகளைக் கிழித்துத் திரும்ப நூலாக்கியவை. துண்டு துண்டான இழை என்பதால் அவை சீக்கிரம் நைந்து, உதிர ஆரம்பிக்கும். பழைய துணியைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும் நல்ல வேலைதான் அது. நிவாரண முகாம்களுக்கு அந்தப் போர்வைகள்தான் கை கொடுக்கின்றன. ஆனால் இருபது வருட உழைப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, வெளிச்சம். கம்பளியை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசி முனை அளவு வெளிச்சம் சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஜன்னல் ஜன்னலாகவும் இருந்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும். கரை ஓரத்தை விரலால் இழுத்துப் பார்ப்பதும் நல்லது. மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சாமல் முத்தாக நிற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், விற்பவரிடம் சொல்லிவிட்டு, ஓரத்தில் தொங்கும் ஒரே ஒரு இழையைப் பிய்த்து, கடைக்கு வெளியே நின்று கொளுத்திப் பார்க்கலாம். ஆட்டு ரோமம் என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், தானாகவே அணையப் பார்க்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, கெட்டியான மணியாக இறுகும். இரண்டும் கலந்ததென்றால் பொடிக்குள் மணி தட்டுப்படும். உண்மையான கம்பளியை விற்பவர் இந்தச் சோதனைக்கு முகம் சுளிப்பதில்லை.

குத்துகிறதே, அலர்ஜி வருமா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை. தடித்த இழையின் நுனி தோலில் குத்துவதுதான். மெரினோ ஆட்டின் ரோமம் 20 மைக்ரான் அளவில் மெல்லியது. தக்காணி ஆட்டின் ரோமம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிமன். வளையாமல் நேராக நிற்பதால் குத்துகிறது. அதே தடிமன்தான் அதற்கு ஆயுளையும் தருகிறது. கொஞ்சமாவது மிருதுவாக வேண்டும் என்பவர்கள் ஆட்டுக்குட்டியின் முதல் ரோமத்தில் நெய்தது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். விலை கூடும், எப்போதும் கிடைக்காது.

பேரம் பேசுவது சந்தையின் வழக்கம்தான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலோ, நேரடியாக நெசவாளரிடமோ வாங்கும்போது பாதி விலைக்குக் கேட்பது நியாயமில்லை. ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதைக் குறைப்பதற்காக, ஒரு பாட்டி ஒரு நாள் முழுக்க நூற்றதைக் கழித்துவிடுகிறோம்.

புல்வெளிக்குள் ஒரு ஓடுதளம்

ஊரை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத புல்வெளி தெரியும். தரிசு என்று நினைக்கத் தோன்றும். மைசூர் ராஜ்ஜியம் தன் படைக்கு வேண்டிய அம்ருத் மஹால் மாடுகளை மேய்க்க ஒதுக்கிவைத்த 'காவல்' நிலங்கள் இவை. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் பீரங்கி இழுத்த மாடுகள் அம்ருத் மஹால்தான். படை போன பிறகு மாடு குறைந்தது. சுற்றியுள்ள கிராமத்து ஆடுகள் அங்கே மேய்ந்தன. வெளிமான்களும் உண்டு. புல் இருந்ததால் ஆடு, ஆடு இருந்ததால் தறி என்றுதான் இந்தக் கிராமங்கள் வாழ்ந்தன.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் காவல் நிலத்தில் சுமார் 10,000 ஏக்கர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ, பாபா அணு ஆராய்ச்சி மையம், இஸ்ரோ, இந்திய அறிவியல் கழகம் போன்றவற்றுக்குக் கொடுக்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நெடுஞ்சுவர் எழுந்தது. கிராமத்தினர் போராடினார்கள். வழக்கு சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் வந்தது. திட்டங்கள் நிற்கவில்லை. டி.ஆர்.டி.ஓ-வின் விமானச் சோதனைத் தளம் 2017-ல் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 2-ம் தேதி, சுமார் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்ட இஸ்ரோவின் சிறகுள்ள ஏவுகலம் தானாகவே பறந்து வந்து இறங்கியது இந்த ஓடுதளத்தில்தான். நிலவில் இறங்கும் சந்திரயான் கலத்தின் கருவிகளைச் சோதிக்க, நிலாவின் தரை போலவே பள்ளங்கள் வெட்டப்பட்டதும் சள்ளகெரே பக்கத்து உள்ளார்த்தி காவலில்தான்.

சந்திரயான் இறங்கிய நாளில் நாடே கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். அந்தக் கைதட்டலில் சள்ளகெரே ஆட்டுக்காரர்களின் பங்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேய்ச்சல் சுருங்கியது ஒரு பக்கம் என்றால், ஆடே மாறிக்கொண்டிருப்பது இன்னொரு பக்கம். இறைச்சிக்கு நல்ல விலை. அதனால் சீக்கிரம் எடை போடும், ரோமமே இல்லாத இனங்களைப் பலர் வளர்க்கிறார்கள். தக்காணி ஆட்டையே வைத்திருப்பவர்களுக்கும் ரோமம் வருமானமாக இல்லாமல் செலவாகிவிட்டது. வெட்டாவிட்டால் ஆடு வெயிலில் தவிக்கும். வெட்டக் கூலி கொடுக்க வேண்டும். வெட்டிய ரோமத்துக்கு வாங்க ஆள் இருப்பதில்லை. தக்காணத்தின் பல இடங்களில் அதை வேலியோரம் கொட்டிவிட்டு நடக்கிறார்கள். குளிருக்குப் போர்வை தேடிப் பாலியெஸ்டர் வாங்கும் அதே நாட்டில்!

குருபர் வீட்டுச் சடங்குகளில் கம்பளிக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. மைலாரலிங்க சுவாமியின் பக்தர்களான கொரவர்கள் கறுப்புக் கம்பளி போர்த்தித்தான் ஆடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சித்தராமையாவுக்கு மேடையில் பொன்னாடைக்குப் பதில் கம்பளி போர்த்துவதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். மேடைக்கு வருடத்தில் சில கம்பளி போதும். தறி ஓட அது போதாது.

வீட்டுக்கு வந்த பிறகு

புதுக் கம்பளியை இரண்டு மூன்று நாள் மொட்டைமாடியில், காற்றோட்டமான நிழலில் கொடியில் போட வேண்டும். ஆட்டு வாசனை பாதி போய்விடும். பிறகு உதறி, பிரம்பால் தட்டினால் மண்ணும் முள்ளும் விழும். ஒட்டியிருக்கும் நெருஞ்சி முள்ளைக் கையால் எடுத்துவிடலாம். அவ்வளவுதான், துவைக்க வேண்டாம்.

உடம்பில் நேரடியாகப் படாமல் அடியில் ஒரு பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ போட்டுக்கொண்டால் குத்தாது. நிரந்தரமாக வேண்டுமென்றால், புடவையைக் கம்பளியின் ஒரு பக்கத்தில் ஓரம் மட்டும் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளலாம். அழுக்கானால் புடவையை மட்டும் பிரித்துத் துவைக்கலாம். கம்பளிக்கு வேலையே இருக்காது. தரையில் படுக்கும் வழக்கம் உள்ளவர்கள் பாய்க்கு மேல் விரித்தால் தரைக் குளிர்ச்சி ஏறாது. சென்னை, மதுரை வெயிலில் போர்த்திக்கொள்ள வருடத்தில் சில நாள்தான் தேவைப்படும் என்பதால், விரிப்பாகத்தான் அதிகம் பயன்படும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் இதைப் போர்த்தவே கூடாது. கனமான எந்தப் போர்வையும் அவர்களுக்கு ஆபத்து.

துவைப்பது எப்போது? வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் அவசியமென்றால். ஏதாவது சிந்தினால் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஆட்டு ரோம இழையின் மேல் மீன் செதில் போல அடுக்கு இருக்கிறது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கம்பளி சுருங்கிவிடும். பிறகு எந்த மந்திரத்தாலும் அதை விரிக்க முடியாது. வாஷிங் மெஷின் அதனால்தான் கூடாது.

பெரிய அண்டாவில் பச்சைத் தண்ணீர், அதில் ஊறவைத்த பூந்திக்கொட்டைச் சாறு அல்லது மென்மையான ஷாம்பூ. சோடா, பிளீச்சிங் பவுடர் இரண்டும் ரோமத்தை அரிக்கும். கறை நீக்குவதற்காக என்சைம் சேர்த்த சலவைத்தூளும் வேண்டாம். புரதக் கறையைத் தின்பதற்குச் சேர்க்கப்படும் என்சைம், புரதத்தால் ஆன ரோமத்தையும் தின்னும். கால் மணி நேரம் அமிழ்த்தி வைத்து, கையால் மெதுவாக அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் கலங்கிக் கூழ் மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம். வெளியேறுவது புளியங்கொட்டைப் பசை. முதல் சலவைக்குப் பிறகு கம்பளி நன்றாகத் தளர்ந்து மிருதுவாகும். ஆனால் தூறலைத் தடுக்கும் குணம் கொஞ்சம் குறையும். எது வேண்டும் என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஈரக் கம்பளியின் கனம் ஒருவரால் தாங்காது. இரண்டு பேர் வேண்டும். முறுக்கிப் பிழியாமல், பழைய துண்டுகளின் மேல் விரித்துப் பாயைப் போல் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் இறங்கும். கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே இழுபட்டு வடிவம் கெடும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன் மேல் நிழலில் விரிப்பது உத்தமம்.

வைத்துப் பாதுகாப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. இருட்டும் அமைதியும் அதற்குப் பிடிக்கும். பசை இருக்கும் வரை ராமபாணப் பூச்சிக்கும் அங்கே விருந்து. பிளாஸ்டிக் பையில் கட்டி லாஃப்ட்டில் போட்டு மூன்று வருடம் மறந்தால், திறக்கும்போது சல்லடைதான் மிஞ்சும். கடற்கரை ஊர்களில் பூஞ்சை நாற்றமும் சேர்ந்துகொள்ளும். காய்ந்த வேப்பிலையோடு பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி உதறி, வேறு மாதிரி மடித்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே அறும். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு முழு நாள் வெளியே கிடப்பது நல்லது.

வேப்பிலை பூச்சியை விரட்ட உதவும், கொல்லாது. உதறலும் வெயிலும்தான் உண்மையான மருந்து. நாப்தலின் உருண்டை கொல்லும். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கும் குழந்தைகளுக்கு, உருண்டையோடு வைத்த துணியைப் போர்த்துவதாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும்.

சின்ன ஓட்டை விழுந்தால் தூக்கிப்போடக் காரணம் இல்லை. வாங்கும்போதே ஒரு சிட்டம் அதே நூலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், கோணி ஊசியால் வீட்டிலேயே இழை ஓட்டிவிடலாம். ரொம்பவும் நைந்து போனால் நல்ல பாகத்தை வெட்டி, ஓரம் அடித்து, உட்காரும் ஆசனமாக்கலாம். கர்நாடகத்து வீடுகளில் திண்ணையில் கிடப்பது பெரும்பாலும் அப்படி வெட்டிய துண்டுதான். அதுவும் கிழிந்தால் சாயமேற்றாத கம்பளியைத் துண்டாக்கித் தென்னை மரத்தடியில் புதைக்கலாம். ரோமத்தில் நைட்ரஜன் உண்டு. மெதுவாக மக்கி உரமாகும், அதுவரை மரத்தடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பெங்களூரிலிருந்து சள்ளகெரேக்குப் பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ரயில் நிலையமும் உண்டு. ஆனால் பேருந்தே வசதி. வழியில் ஹிரியூர் அருகே வேதவதி ஆற்றின் குறுக்கே 1907-ல் கட்டி முடித்த வாணி விலாஸ் அணையைப் பார்த்துவிட்டு, சள்ளகெரேயில் சந்தை முடித்து, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள சித்ரதுர்காவில் இரவு தங்கலாம். மார்கழி, தை மாதங்களில் போனால் பகல் வெயில் தணிந்திருக்கும். விடியற்காலையில் கோட்டைக்கு ஏறும்போது காற்று நன்றாகக் குளிரும். வாங்கிய கம்பளியை அங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.